எங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை அடி ஏறும்? சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், ஆணையர், 200 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் வேளச்சேரியில் குடியிருப்பவள். ராம் நகர் பக்கம், ஒரு தரைத்தள வீட்டில் 2006-இலிருந்து வாடகைக்கு இருக்கிறோம். வீட்டில் நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை இருக்கிறது, தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும். அந்த இன்சுலின் குப்பியிலிருந்துதான் இந்த மடலைத் தொடங்க வேண்டும்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னைக்கு எதிரே கடலில் இருந்தது. ஆந்திராவில்தான் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியேதான் நடந்தது, 5-ஆம் தேதி பாபட்லா அருகே கடந்தது. அதைக் கேட்டு நாங்கள் பாதி நிம்மதியாக இருந்தோம். கரையைக் கடக்காத ஊரையும் ஒரு புயல் மூழ்கடிக்க முடியும், கடலில் மெதுவாக ஊர்ந்தாலே போதும் என்பது எங்களுக்கு அன்று தெரியாது. மாலையில் குடம், பக்கெட் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். நான்கு பால் பாக்கெட், பிரெட், மெழுகுவத்தி வாங்கினோம். மகன் எல்லா போனுக்கும் சார்ஜ் போட்டான். எங்களுக்குத் தெரிந்த முன்னேற்பாடு அவ்வளவுதான்.

விடிகாலையில் தண்ணீர் வாசற்படியில் நின்றது. பத்து மணிக்குக் கூடத்துக்குள் வந்துவிட்டது. மதியம் கட்டில் முங்கியது. அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடியில் வீட்டுக்காரர் வீட்டில் உட்கார வைத்தோம். திரும்பி இறங்கியபோது பிரிட்ஜ் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. அதற்குள்தான் இன்சுலின். எடுத்துவிட்டோம். ஆனால் மின்சாரம் இல்லாத நான்கு நாட்கள் அதை எங்கே குளிர்ச்சியாக வைப்பது? மாடி வீட்டு அக்கா ஒரு மண்பானையில் மணல் போட்டு, தண்ணீர் தெளித்து, ஈரத்துணி சுற்றி அதற்குள் வைத்தார். மூன்றாம் நாள் தெருமுனைக்குப் படகு வந்தது. காசிமேட்டிலிருந்து வந்த அண்ணன்மார். அவர்கள்தான் அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி, நெஞ்சளவு தண்ணீரைத் தாண்டி மெயின் ரோட்டில் விட்டார்கள்.

இதை யார் மீதும் பழிபோட எழுதவில்லை. என்னை இன்றும் தூங்கவிடாதது ஒரே ஒரு விஷயம். என் அண்ணன் வீடு பரங்கிமலையில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டோ பிடித்திருந்தால் இருபது நிமிடத்தில் அம்மா அங்கே இருந்திருப்பார். கையில் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. அதில் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2015-இலேயே ஒரு முறை மூழ்கியவர்கள்தானே, ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015-க்குப் பிறகு, அதிலும் 2021 நவம்பரில் ஒரே இரவில் நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர் கொட்டி தி.நகர் வரை மிதந்த பிறகு, ஊரெல்லாம் மழைநீர் வடிகால் வேலை நடந்தது. தோண்டாத தெரு இல்லை. இத்தனை கிலோமீட்டர் முடிந்தது, இத்தனை கோடி செலவானது என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. இனி எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் நிற்காது என்ற பேச்சு 2023 மழைக்காலத்துக்கு முன்பு எங்கும் கேட்டது. நாங்கள் அதை நம்பினோம். நம்பியதால்தான் அம்மாவை அனுப்பவில்லை. வடிகால் போட்டது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சாதாரண மழைக்கு இப்போது எங்கள் தெருவில் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது. அதைக் கண்ணால் பார்க்கிறேன், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் சாதாரண மழைக்குப் போட்ட வடிகாலை வைத்துப் புயல் மழைக்கும் தைரியம் சொன்னது எங்களுக்குப் பெரிய கெடுதலாகிவிட்டது. மிக்ஜாமில் இரண்டு நாளில் நகரின் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையே சுமார் 140 சென்டிமீட்டர்தான். எந்த வடிகாலும் இதைத் தாங்காது என்று முன்பே சொல்லியிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுக்கிறது. அது மாவட்டத்துக்கு. 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரலாம் என்பது அதற்கு அர்த்தம். சரி, 20 சென்டிமீட்டர் பெய்தால் ராம் நகரில் எத்தனை அடி? விஜய நகரில்? புளியந்தோப்பில், வியாசர்பாடியில், கொளத்தூரில்? அதை நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வானிலை விஞ்ஞானியால் சொல்ல முடியாது. எந்தத் தெரு பள்ளம், எந்தச் சுரங்கப்பாதை முதலில் நிரம்பும், எந்த வடிகால் எங்கே இணைப்பு விட்டுப்போய் நிற்கிறது என்பதெல்லாம் உங்கள் உதவிப் பொறியாளர்களுக்குத்தான் தெரியும். வானத்து சென்டிமீட்டரை எங்கள் வாசற்படியின் அடிக்கணக்காக மாற்றிச் சொல்ல இந்த ஊரில் உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. 2015, 2021, 2023 என்று மூன்று பெரிய வெள்ளத்தின் அளவுகள் உங்களிடம் இருக்கும். இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தெருவிலும் சுவரில் கறையாக இருக்கிறது. மின்கம்பத்திலோ தெருப்பெயர்ப் பலகைக்குக் கீழேயோ ஒரு நீலக்கோடு போட்டு, ‘2023-இல் இதுவரை’ என்று எழுதுங்கள். புதிதாகக் குடிவருகிற ஒரு வாடகைக்காரர் அதைப் பார்த்தாலே போதும், எந்தத் தளத்தில் வீடு பிடிப்பது, வண்டியை எங்கே விடுவது என்று அவரே முடிவு செய்துகொள்வார். மனை விலை குறையும் என்று சிலர் எதிர்ப்பார்கள். எதிர்க்கட்டும்.

தெரிந்தால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக நின்றனவே, நினைவிருக்கிறதா? எந்த உத்தரவும் இல்லாமல், முந்தைய வருடம் பட்டதை நினைத்து மக்களே செய்த காரியம் அது. எங்கள் மாடி வீட்டுக்காரரும் காரை அங்கேதான் விட்டார். அவரோடு நடந்து திரும்பும்போது எனக்கு ஒன்று உறைத்தது. காரை எங்கே விடுவது என்று தெரிந்துகொண்டோம், அம்மாவை எந்தப் பள்ளிக்கூடத்து மாடியில் விடுவது என்பது இன்னும் தெரியவில்லை. அந்த முறை பயந்த அளவுக்கு மழை வரவில்லை. காரை விட்டவர்களைச் சிலர் கேலி செய்தார்கள். வீணாக மக்களைக் கிளப்பிவிட்டோம் என்ற பெயர் வந்துவிடுமோ என்று உங்களில் சிலருக்கும் தயக்கம் இருக்கலாம். தயவுசெய்து அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள். மழை ஏமாற்றினால் ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அனுபவித்துவிட்டோம்.

2015 டிசம்பர் 1 இரவை மறக்க முடியுமா? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. மேலே இருந்த மற்ற ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்து அடையாற்றில் இறங்கியது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் தூக்கத்தில் இருந்தவர்கள் கால் நனைந்துதான் எழுந்தார்கள். அது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே மத்திய தணிக்கை அறிக்கை பிறகு சொன்னது. அதே ஏரியை 2020 நவம்பரில், நிவர் புயல் சமயத்தில், முன்கூட்டியே அறிவித்து 1,000 கன அடியில் தொடங்கிப் படிப்படியாகத் திறந்தார்கள். கரையோர மக்களுக்கு நேரம் கிடைத்தது. இரண்டு வருடத்து மழையும் ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முன்கூட்டிச் சொல்வதற்கு எவ்வளவு பலன் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஏரிக்குச் செய்ததைத் தெருவுக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று நானும் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தேன். வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதி வீடாகவும் ரோடாகவும் மாறிவிட்டது. மிச்சத் தண்ணீரும் வீராங்கல் ஓடையில் வரும் தண்ணீரும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, அப்புறம் பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு, கோவளம் பக்கம் கடல். ஒரு காலத்தில் பல ஆயிரம் ஏக்கரில் விரிந்து தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்ட சதுப்பு நிலம் இன்று எவ்வளவோ சுருங்கி, குப்பைக்கிடங்குக்கும் கட்டடங்களுக்கும் நடுவே கிடக்கிறது. 2022-இல் 1,248 ஹெக்டேருக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்குத் தரும் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது பெரிய விஷயம். அதற்கு முன்பு இழந்தது இழந்ததுதான். புயல் நேரத்தில் கடல் பொங்கி நிற்கும். முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. கால்வாய் அப்படியே நிற்கும், சதுப்பு நிலம் நிரம்பும், ஓடை எதிர்த்து வரும், எங்கள் தெரு வடிகாலின் மூடி வழியாகத் தண்ணீர் மேலே கொப்பளிக்கும். 4-ஆம் தேதி காலை நான் அதைத்தான் பார்த்தேன். தெருவில் பெய்த மழை வடிகாலுக்குள் போகவில்லை, வடிகாலில் இருந்த தண்ணீர் தெருவுக்கு வந்தது.

இந்த வழி நெடுகப் பல சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வடிகால் உங்களுடையது. ஆறும் கால்வாயும் நீர்வளத் துறைக்கு. கழிவுநீர் குடிநீர் வாரியத்துக்கு. பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறைக்கு, மின்பெட்டி மின்வாரியத்துக்கு, சதுப்பு நிலம் வனத் துறைக்கு. பக்கிங்காம் கால்வாயின் நடுவிலோ பறக்கும் ரயிலின் தூண்கள். நீங்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்பது கூட்டங்களின் புகைப்படங்களில் தெரிகிறது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒருவருக்கு இது எந்தத் துறை என்று பிரித்துப் பார்க்க முடியாது. தெருவுக்கு ஒரு பெயர் போதும். புயல் நாட்களில் இந்தத் தெருவுக்கு இந்த அலுவலர், எந்தத் துறைத் தண்ணீராக இருந்தாலும் இவரிடம் சொல்லலாம் என்று ஒரு பெயர். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையிலான குழு வெள்ளத் தடுப்புக்கான தன் இறுதி அறிக்கையை 2023 மார்ச்சில் அரசிடம் கொடுத்தது. அதில் எங்கள் வார்டுக்கு என்ன சொல்லியிருக்கிறது, எவ்வளவு முடிந்திருக்கிறது, எவ்வளவு பாக்கி என்பதைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். படிக்க நாங்கள் வருவோம்.

அடுத்து, படுத்த படுக்கையாக இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், நிறைமாதப் பெண்கள், அம்மாவைப் போன்றவர்கள். இவர்களைத் தேடிப் புதிதாகக் கணக்கெடுக்கத் தேவையில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இலிருந்து நடக்கிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிற பெண்களுக்கு எந்த வீட்டில் யார் நடக்கமுடியாமல் இருக்கிறார் என்பது அத்துபடி. கர்ப்பிணிகளின் விவரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது. புயல் சின்னம் உருவானதும் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்தால், ரெட் அலர்ட் வருவதற்குள் தரைத்தளத்தில் இருக்கும் நோயாளிகளைத் தனியாகப் பிரித்துவிடலாம். வர விரும்புகிறவர்களை ஒரு நாள் முன்பே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். போகிற இடத்தில் ஒரு பிரிட்ஜ், அதற்கு ஒரு ஜெனரேட்டர் இருக்க வேண்டும். நிவாரண முகாம் என்றால் பாயும் சாப்பாடும் மட்டும்தான் என்று இருந்துவிடக் கூடாது. மாதவிடாய் நாளில் இருக்கும் பெண்ணுக்குக் கதவு உள்ள கழிவறை வேண்டும். வீட்டில் உள்ள ஆட்டையும் நாயையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கும் ஒரு மூலை வேண்டும். முகாமுக்கு வராமல் மக்கள் அடம்பிடிக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வதற்கு முன்னால், ஒரு இரவு அங்கே தங்கிப் பாருங்கள்.

பெரும்பாக்கத்தைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் பல தலைமுறையாக இருந்தவர்களை, அதிலும் 2015-க்குப் பிறகு, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். கொண்டுபோன இடம் சதுப்பு நிலத்தின் ஓரம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகள் அங்கே ஏழாவது மாடியில் இருக்கிறாள். மிக்ஜாம் நாட்களில் கீழே தண்ணீர், மின்சாரம் இல்லை, லிப்ட் நின்றுவிட்டது, மோட்டார் ஓடாததால் மேலே குழாயிலும் தண்ணீர் இல்லை. கைக்குழந்தையோடு ஏழு மாடி இறங்கி, குடத்தோடு ஏறியிருக்கிறாள். பெரும்பாக்கம் உங்கள் வார்டு எல்லைக்கு வெளியே இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே இருப்பவர்கள் உங்கள் வார்டுகளிலிருந்து போனவர்கள். இன்றும் விடிகாலை பஸ் பிடித்து உங்கள் வார்டுகளுக்குத்தான் வேலைக்கு வருகிறார்கள். உங்கள் திட்டத்தில் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும்.

மிக்ஜாமில் எங்கள் பகுதியில் செல்போன் சிக்னலே இல்லை. 1913 என்ற உங்கள் புகார் எண் குழந்தைக்கும் தெரியும், ஆனால் சிக்னல் இல்லாத போனில் எந்த எண்ணை அழுத்தி என்ன? தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா, பால் எங்கே கிடைக்கும், படகு எப்போது வரும், எதுவும் தெரியாது. பக்கத்துத் தெருவில் நடப்பதுகூட வதந்தியாகத்தான் வந்தது. ஏரி உடைந்துவிட்டது என்று ஒருவர் கத்திக்கொண்டு போக, மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் அழ ஆரம்பித்தோம். உடையவில்லை. இதற்கு எனக்குத் தோன்றுவது ஒன்று. பெரும்பாலான வார்டுகளில் அம்மா உணவகம் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும், அங்கே அடுப்பும் ஆளும் உண்டு. புயல் நாட்களில் அதன் வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். அதுவே பள்ளமான இடமாக இருந்தால் மேட்டில் ஒரு இடம் பார்த்து மழைக்கு முன்பே அறிவியுங்கள். வயர்லெஸ் உள்ள ஒரு காவலர், மூன்று மணிக்கு ஒரு முறை சாக்பீஸால் எழுதப்படும் நான்கு வரி. ‘ஓடை இறங்குகிறது. பால் நாளைக் காலை 7 மணி. டாக்டர் இங்கே மாலை வரை.’ அந்த நான்கு வரிக்காக நெஞ்சளவு தண்ணீரிலும் ஒருவர் நடந்து போய்ப் படித்துவிட்டு வந்து தெருவுக்கே சொல்லுவார்.

மரங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் ஒரே பகலில் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்ததை எல்லோரும் பார்த்தோம். நடைபாதைக் கான்கிரீட்டை மரத்தின் கழுத்துவரை பூசுவதையும், வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டிவிட்டு அப்படியே விடுவதையும் மட்டுமாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்தப் படகுக்கார அண்ணன்மாருக்கு வருகிறேன். அம்மாவை இறக்கிவிட்டபோது நாங்கள் நீட்டிய பணத்தை அவர்கள் வாங்கவில்லை. 2015-லும் மீனவர்கள்தான் வந்தார்கள், 2023-லும் அவர்கள்தான். அதே டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து, அங்குள்ள மீனவர்களின் படகும் வலையும் கறுத்துக் கிடந்தன. இப்போதெல்லாம் மழைக்கு முன்பே தாழ்வான இடங்களில் படகுகளைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். நல்ல மாற்றம். ஆனால் படகோடு வருகிறவருக்குத் தினக்கூலி எவ்வளவு, எஞ்சினில் பிளாஸ்டிக் சிக்கிக் கெட்டுப்போனால் யார் பொறுப்பு, அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு என்ன, இதெல்லாம் செப்டம்பரிலேயே ஒப்பந்தமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கும் அப்படித்தான். தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தெருவில் மலைபோல் குவிந்த மெத்தைகளையும் செத்த எலிகளையும் அள்ளியவர்களில் பாதிப் பேர் காலில் பூட்ஸ் இல்லை. வெளியூரிலிருந்து லாரியில் வந்தவர்கள். எங்கே தூங்கினார்கள் என்று கேட்டதற்கு, ‘ஒரு கல்யாண மண்டபத்தில், தரையில்’ என்றார் ஒரு பெண். அவருடைய சொந்த வீட்டிலும் மழை ஒழுகிக்கொண்டிருந்ததாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு புயல் முடிந்ததும் நிவாரணத் தொகை வருகிறது. மிக்ஜாமுக்கு ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கிடைத்தது, எங்களுக்கு மெத்தையும் அடுப்பும் அதில்தான் வந்தன. ஆனால் யாரும் வந்து, உங்கள் வீட்டில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, எப்போது வடிந்தது என்று கேட்கவில்லை. வார்டுகளில் ஏரியா சபை, அதாவது அந்தந்தப் பகுதி மக்களின் கூட்டம், நடத்தச் சட்டமே இருக்கிறது. ஜனவரியில் ஒன்று இதற்காகவே நடத்துங்கள், சுவரில் கறை காய்வதற்கு முன்பு. நாங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் இன்னொன்று நடத்தி, எழுதிக்கொண்டதில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று சொல்லுங்கள். முடியாததை முடியவில்லை என்றே சொல்லுங்கள். ‘இந்த வருடமும் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் உங்கள் தெருவில் மூன்று அடி நிற்கும்’ என்று உதவிப் பொறியாளர் எழுந்து நின்று சொன்னால் அவர்மேல் யாரும் கோபப்படாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

எங்கள் வீட்டு வாசல் தூணில் மகன் ஆணியால் கீறிய இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்று 2015, ஒன்று 2023. இரண்டுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளிதான். மழைக்கு முன்பு ஒரு நாள் காலையில் அலுவலர் யாரையாவது அனுப்புங்கள். தெருவில் இன்னும் பதினோரு வீடுகளில் இப்படிக் கோடு இருக்கிறது. எந்தெந்த வீடு என்று எனக்குத் தெரியும், நானே கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரி தரைத்தளவாசி ஒருத்தி